ஜனவரி கடைசியில் பேர்கன் போகலாமா?

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். லண்டனிலிருந்து நோர்வேயின் பேர்கன் நகரத்துக்கு ஜனவரி கடைசி வாரத்தில் நான்கு நாள் பயணம், டிக்கெட் போட்டாகிவிட்டது. 68 வயது அம்மா கூட வருகிறார், அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஒன்பது வயது மகளுக்குப் பனியில் விளையாட வேண்டும், உங்களுக்கு வானத்தில் துருவ ஒளி பார்க்க வேண்டும். இதற்கிடையில் யாரோ “அங்கே மழை மட்டும்தான் பெய்யும், சீக்கிரமே இருட்டிவிடும்” என்று சொல்லிக் கலக்கிவிட்டார்கள். பனி இருக்குமா, ஒளி தெரியுமா, எல்லாம் மூடிக் கிடக்குமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்த பிறகு எனக்குப் பட்டது, இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கவலைதான் இருக்கிறது: தப்பான ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டோமோ, அம்மாவை வீணாக அலைக்கழிக்கப் போகிறோமோ என்பது.

துருவ ஒளிதான் முதல் நோக்கம் என்றால், ஆமாம், ஊர் தப்பு. மற்றபடி டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். நான் இந்த ஊரில் வானிலையியல் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டேன். பதினாறு குளிர்காலங்களைப் பார்த்தாயிற்று. அந்தப் படிப்பும் இந்தப் பழக்கமும் சேர்ந்து எனக்குச் சொல்லித் தந்தது என்னவென்றால், பேர்கனில் குளிர்காலத்தில் நாள் குறித்து வேலை செய்யக் கூடாது. திங்கள் மலை, செவ்வாய் படகு, புதன் அருங்காட்சியகம் என்று வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வருகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள். செய்ய வேண்டியவற்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, எந்த நாளில் எது என்பதைக் காற்றிடம் விட்டுவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று கீழே விளக்குகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிச்சக் கணக்கில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. டிசம்பர் 21-ஐ ஒட்டி இங்கே சூரியன் காலை சுமார் 9.45-க்கு எழுந்து மாலை 3.30-க்கு விழுந்துவிடும், ஆறு மணி நேரம்கூட நிற்காது. உங்களிடம் சொன்னவர் அதை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார். நீங்கள் வரும் ஜனவரி கடைசியில் நிலைமை வேறு. காலை ஒன்பதே கால் வாக்கில் உதயம், மாலை நாலரை வாக்கில் மறைவு. நாளுக்கு நாள் ஐந்து நிமிடம் போலப் பகல் நீண்டுகொண்டு வரும் காலம் அது. உதயத்துக்கு முன்னும் மறைவுக்குப் பின்னும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நீலமான ஓர் அரைவெளிச்சம் இருக்கும், அதில் தாராளமாக நடக்கலாம். ஆக எட்டரை மணிக்கு வெளியே கிளம்பி ஐந்தேகால் வரை சுற்றலாம். ஒன்றை மட்டும் எதிர்பார்த்து வாருங்கள்: நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் பத்து, பதினொரு பாகைதான் ஏறும். ஊரைச் சுற்றி மலைகள் இருப்பதால் சில தெருக்களுக்கு நேர் வெயில் வரவே வராது. வெயில் படும் பக்கம் தேடி நடப்பது இங்கே எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

குளிரும் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இராது. பேர்கன் 60 பாகை வடக்கில் இருக்கிறது, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கும் ஏறத்தாழ அதே கோட்டில்தான். அங்கே ஜனவரியில் ஆறு உறைந்து கிடக்கும். இங்கே துறைமுகம் உறைவதில்லை, ஜனவரி சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி மேலேயே நிற்கும். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டி வடக்கே போவதும், அந்தக் கடலின் மேலிருந்து வரும் மேற்குக் காற்றும்தான் காரணம். அதே காற்றுதான் மழையையும் கொண்டுவருகிறது. ஈரம் நிறைந்து வரும் காற்று கடலைத் தாண்டியதும் நேராக மலையில் மோதுகிறது. மேலே ஏறியாக வேண்டும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் நீரைக் கொட்டியாக வேண்டும். ஆண்டுக்கு 2,250 மில்லிமீட்டருக்கு மேல், 200 நாளுக்கு மேல் மழை. 2006 அக்டோபர் 29 முதல் 2007 ஜனவரி 21 வரை, 85 நாள், ஒரு நாள் விடாமல் பெய்திருக்கிறது. அதனால் நான்கு நாளில் மழையே பார்க்காமல் திரும்பும் வாய்ப்பு குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான்கு நாளும் காலை முதல் இரவு வரை ஒரே மாதிரி பெய்யும் என்றும் நினைக்க வேண்டாம். மழையில் வகை உண்டு, வகை தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

அந்த வகைகளை உலகத்துக்கே பிரித்துக் காட்டிய ஊர் இது, அதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1917-இல் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் என்ற இயற்பியலாளர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்திலிருந்து பேர்கனுக்கு வந்து சேர்ந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நோர்வே போரில் இல்லை, ஆனால் வெளியிலிருந்து வரும் தானியம் குறைந்துவிட்டது, மேற்கே கடல் பக்கத்திலிருந்து வரும் வானிலைத் தந்திகளும் நின்றுவிட்டன. உள்ளூர் விவசாயிகளுக்கு அறுவடை நேரத்தில் மழை எப்போது வரும் என்று சொல்லியாக வேண்டும். அதற்காக 1918 கோடையில் மேற்குக் கரை நெடுகிலும் நெருக்கமாகக் கண்காணிப்பு நிலையங்களை வைத்தார்கள். அந்தக் குறிப்புகளை வரைபடத்தில் பொருத்திப் பார்க்கும்போதுதான், வெப்பக் காற்றும் குளிர்க் காற்றும் கலந்து குழம்பாமல், கோடு கிழித்தது போல ஓர் எல்லையில் முட்டி நிற்கின்றன என்பது பிடிபட்டது. போர்முனையின் நினைவில் அந்த எல்லைக்கு ‘ஃப்ரண்ட்’, தமிழில் முகப்பு, என்று பெயர் வைத்தார்கள். இன்று எந்த நாட்டு வானிலைச் செய்தியிலும் வருகிற வெப்ப முகப்பு, குளிர் முகப்பு என்ற சொற்கள் இந்த மழைக்கரையில் பிறந்தவை. அவருடைய மகன் யாக்கொப் பியர்க்னெஸ் அதை 1919-இல் கட்டுரையாக எழுதியபோது அவருக்கு 21 வயதுதான். நான் படித்த கட்டடம் 1928-இல் திறந்தது. அது இருக்கும் பகுதிக்கு ஃப்ளோரிடா என்று பெயர், ஊரின் மழைக் கணக்கும் அங்கேதான் எடுக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் லைட் ரயில் அந்தப் பெயருள்ள நிறுத்தத்தைத் தாண்டித்தான் போகும், மகளுக்குக் காட்டுங்கள்.

சரி, இதை வைத்து உங்கள் நாளை எப்படித் தீர்மானிப்பது? நோர்வே வானிலைத் துறையும் அரசு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ‘யீர்’ என்ற இணையதளம், செயலி இரண்டும் உண்டு, இலவசம். அதைத் திறந்தால் எல்லோரும் மழைத்துளிப் படத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் காற்றின் அம்புக்குறியைப் பாருங்கள். தென்மேற்கிலிருந்து காற்று, வெப்பநிலை மெல்ல ஏறுகிறது என்றால் வெப்ப முகப்பு வருகிறது. மேகம் தாழ்ந்து, விடாமல் ஒரே சீராகப் பெய்யும், பல மணி நேரம் நிற்காது. அது அருங்காட்சியக நாள். காற்று வடமேற்குக்குத் திரும்பிவிட்டது, குளிர் கூடுகிறது என்றால் முகப்பு கடந்துவிட்டது. இனி விட்டு விட்டுத்தான் பெய்யும். பத்து நிமிடம் ஆலங்கட்டியோ ஈரப்பனியோ அடிக்கும், அடுத்த அரை மணி வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், மலைமேல் வானவில் நிற்கும். அது ஊர் சுற்றும் நாள், ஒதுங்க ஒரு கூரை பக்கத்தில் இருந்தால் போதும். காற்று கிழக்கிலிருந்து, உள்நாட்டுப் பக்கமிருந்து வருகிறது என்றால் குளிரும், ஆனால் வானம் தெளிந்துவிடும். அப்படி ஒரு நாள் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காமல் மலைக்குப் போய்விடுங்கள். காற்றே இல்லாத தெளிந்த உறைகுளிர் நாட்களில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் மூடி போட்ட மாதிரி தேங்கி, வண்டிப் புகை கீழேயே நின்றுவிடுவது உண்டு. அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்தால் அன்று பெரிய சாலை ஓரமாக நடக்க வேண்டாம், மலைமேல் காற்று சுத்தமாக இருக்கும்.

இதில் எவ்வளவு நம்பலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். காற்றின் திசையும் பெரிய புயலின் வரவும் இரண்டு மூன்று நாள் முன்பே நன்றாகத் தெரியும். ஒரு வாரத்துக்கு அப்பால் காட்டுகிற படங்களை வைத்து எதையும் முன்பதிவு செய்யாதீர்கள், இங்கே குளிர்காலத் தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை, ஒன்று கொஞ்சம் விலகினாலும் பின்னால் வருவதெல்லாம் மாறிவிடும். வடமேற்குக் காற்று நாளில் “இரண்டு மணிக்கு உங்கள் தெருவில் மழை” என்று துல்லியமாகச் சொல்ல எந்தக் கணினியாலும் முடியாது. அந்தத் தூறல் மேகம் ஒரு மலையின் இந்தப் பக்கம் பெய்து அந்தப் பக்கம் பெய்யாமல் போகும். அதனால் என் தொழிலைச் சேர்ந்த யாரும் ஜனவரி கடைசி வாரம் எப்படி இருக்கும் என்று இப்போதே உங்களுக்குச் சொல்ல முடியாது, சொன்னால் நம்ப வேண்டாம்.

பனிக்கு வருகிறேன். ஊருக்குள், கடல் மட்டத்தில், பனி கிடக்குமா என்பது முழுக்க அதிர்ஷ்டம். ஒரு நாள் விழும், மறுநாள் மழையில் கரையும். ஆனால் மகளுக்குப் பனி காட்ட ஊரை நம்பத் தேவையில்லை, உயரத்தை நம்பலாம். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே குளிரும். கீழே இரண்டு, மூன்று டிகிரியில் மழை பெய்யும்போது, 643 மீட்டர் உயர உல்ரிக்கன் மலை உச்சியில் அதே மேகம் பெரும்பாலும் பனியாக இறங்கிக்கொண்டிருக்கும். அங்கே கேபிள் கார் போகிறது, ஆனால் பலத்த காற்றில் நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் நடுவிலிருந்து ஃப்ளொயன் மலைக்கு, பழனியில் விஞ்ச் என்போமே, அந்த வகை இழுவை ரயில் 1918 முதல் ஓடுகிறது. ஏழெட்டு நிமிடத்தில் 320 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடும். அம்மா ஒரு படிகூட ஏற வேண்டாம். மேலே இறங்கிய இடத்திலேயே ஊர் முழுக்கக் காலடியில் தெரியும், தேநீர்க்கடையும் குழந்தைகள் விளையாடும் இடமும் பக்கத்தில். 320 மீட்டரில் பனி இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

ஏறக்குறைய நிச்சயமான பனி வேண்டுமென்றால் ஒரு நாளை வொஸ் என்ற ஊருக்கு ஒதுக்குங்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லக்கூடிய மிக நல்ல யோசனை இதுதான். பேர்கனிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். பாதை ஃபியோர்டின், அதாவது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடலின், கரையை ஒட்டியே போகும், ஜன்னலோரம் உட்கார்ந்தாலே பாதிச் சுற்றுலா முடிந்துவிடும், போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். வொஸ் ரயில் நிலையக் கட்டடத்திலிருந்தே 2019-இல் திறந்த கொண்டோலா என்ற கேபிள் கார் கிளம்புகிறது. ஒன்பது நிமிடத்தில் 820 மீட்டர் உயரம். பனிக்கட்டித் தெருவில் ஓர் அடிகூட வைக்காமல், ரயிலிலிருந்து இறங்கி மலையுச்சிப் பனிக்குப் போய்விடலாம். மேலே உணவகம் இருக்கிறது, அம்மா கண்ணாடி ஓரம் உட்கார்ந்திருக்கலாம், நீங்களும் மகளும் வெளியே விளையாடலாம். அதே ரயில் மேலும் உள்ளே போய் 1,222 மீட்டரில் இருக்கும் ஃபின்சே நிலையத்தைத் தொடும், நோர்வே ரயில் பாதையில் மிக உயரமான நிலையம் அது. 1909-இல் திறந்த பாதை. ஆனால் குளிர்காலத்தில் நிலச்சரிவாலோ பனிப்புயலாலோ பாதை மூடுவது உண்டு, அப்போது ‘ரயிலுக்குப் பதில் பஸ்’ என்று அறிவிப்பார்கள், நேரம் தாறுமாறாகும். எனவே விமானம் ஏறும் நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ இந்தப் பயணத்தை வைக்காதீர்கள்.

துருவ ஒளி பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தால் திருப்பப்பட்டு, காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாக விழுகின்றன. வழக்கமான இரவுகளில் அந்த வளையம் வட நோர்வேக்கு மேலேதான், ட்ரொம்சோ நகரம் அதன் அடியில் இருக்கிறது. பேர்கன் அதற்கு வெகு தெற்கே. சூரியப் புயல் வலுத்து வளையம் விரியும்போது இங்கேயும் தெரியும். 2024 மே மாதப் பெரும் புயலில் லடாக் வரைக்கும் தெரிந்ததே. ஆனால் அன்று மேகமும் இல்லாமல் இருக்க வேண்டும், ஜனவரி பேர்கனில் இந்த இரண்டும் ஒரே இரவில் அமைவது அபூர்வம். இங்கே தெரிந்தாலும் பல நேரம் வடக்கு அடிவானத்தில் சாம்பல் கலந்த பச்சைப் பட்டையாகத்தான் தெரியும், கண்ணைவிட கைபேசிக் கேமராவுக்கு நன்றாகப் படும். இந்த ஊரில் அதற்காகக் காசு கேட்டுக் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். அந்த ஆசையைத் தனியாக வைத்துக்கொண்டு இன்னொரு வருடம் ட்ரொம்சோவுக்குப் போங்கள், இங்கிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம். நான்கு நாளைப் பிய்த்து இரண்டு ஊருக்கும் பங்கு போட்டால் அம்மா களைத்துவிடுவார்.

இனி எனக்கு உண்மையில் கவலை தருவது அம்மாவின் முழங்கால்தான். மழையைவிட, குளிரைவிட, இங்கே ஆபத்து வழுக்கல். தொடர்ந்து உறைகுளிர் இருக்கும் ஊரில் பனி இறுகிக் காலுக்குப் பிடிமானம் கொடுக்கும். பேர்கனிலோ பகலில் கரைந்து இரவில் உறையும், உறைந்த தரைமேல் மழை பெய்யும், கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடு உருவாகும். என் இரண்டாவது குளிர்காலத்தில், பழைய மரவீடுகளுக்கு நடுவில் உள்ள பலகைச் சந்தில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. நல்ல பூட்ஸ்தான் போட்டிருந்தேன், பூட்ஸ் போதாது. செருப்படியில் மாட்டும் முள்பட்டை இங்கே விற்கிறது, ‘ப்ரொடர்’ என்று கேளுங்கள், விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். வந்த முதல் நாளே அம்மாவுக்கு ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். உங்களுக்கும்தான், நீங்கள் விழுந்தால் அவரைப் பிடிக்க ஆளில்லை. கடைக்குள் நுழையும்போது கழற்றிவிட வேண்டும், வழவழப்பான தரையில் அதுவே வழுக்கும். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி மேலும் கீழும் போகிற நாளில் காலையில் அவசரமாகக் கிளம்பாமல், பத்து மணிக்கு மேல், நடைபாதையில் பொடிக்கல் தூவிய பிறகு கிளம்புங்கள். தங்குமிடம் ஊர் நடுவில், சமதரையில் இருக்கட்டும். இந்த ஊரில் வாடகை மலிவான பல வீடுகள் செங்குத்தான ஏற்றத்தில் இருக்கும், படத்தில் அது தெரியாது.

உடை விஷயத்தில் ஒன்றுதான் முக்கியம்: உடம்பை ஒட்டிக் கம்பளி, வெளியே நீர் புகாத மேலாடை. பருத்தி நனைந்தால் காயாது, குளிரை உள்ளே இழுக்கும். லண்டனில் போடும் கனமான கம்பளிக் கோட்டு இங்கே ஒரே மழையில் சுமையாகிவிடும். குடை கொண்டுவரலாம், ஆனால் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது அது உதவாது, மழைநாளுக்கு மறுநாள் ஊர்க் குப்பைத்தொட்டிகளில் உடைந்த குடைகள் நீட்டிக்கொண்டிருக்கும். நல்ல தொப்பி வைத்த மழைக்கோட்டும், மகளுக்கு மழைக்காற்சட்டையும் போதும். இருட்டில் வண்டிக்காரருக்குத் தெரியும்படி மேலாடையில் ஒளி எதிரொளிக்கும் சிறு வில்லை தொங்கவிடுவது இங்கே பெரியவர், குழந்தை எல்லோருக்கும் வழக்கம், நீங்களும் மாட்டிக்கொள்ளுங்கள்.

மழை விடாத தென்மேற்குக் காற்று நாளில் என்ன செய்வது? நேராக பிரிக்கன் துறைமுக வரிசைக்குப் போங்கள். அஞ்சல் அட்டைகளில் வரும் அந்தச் சாய்ந்த மரவீடுகள்தான். 1360 வாக்கில் ஹன்சா என்ற வட ஜெர்மானிய நகரங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த வணிகர்கள் இங்கே தங்கள் வணிக நிலையத்தை நிறுவினார்கள். அது 1754 வரை நடந்தது. வடக்கே லொஃபோட்டன் தீவுகளில் குளிர்காலத்தில் பிடித்து, உப்புப் போடாமல் காற்றிலேயே உலர்த்திய கொட் மீன் கப்பல் கப்பலாக இங்கே வரும், பதிலுக்குத் தானியம் போகும். 1702 தீயில் முழுக்க எரிந்தது, அதே அச்சில் திரும்பக் கட்டினார்கள். 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோடையில் வருகிறவர்கள் இந்தச் சந்துகளில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஜனவரியில் வந்தால்தான் ஒரு விஷயம் உடம்புக்கே புரியும். தீப்பயத்தால் இந்த மரவீடுகளுக்குள் நெருப்பு மூட்டத் தடை இருந்தது. கணப்பு கிடையாது, அடுப்பு கிடையாது. வணிகரும், அவரிடம் தொழில் கற்க வந்த சிறுவர்களும் குளிர்காலம் முழுக்க அந்த ஈரக்குளிரில் வேலை செய்து, அலமாரி போன்ற சின்னப் படுக்கைப் பெட்டிகளில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார்கள். நெருப்புக்கு அனுமதி இருந்தது பின்னால் தள்ளிக் கட்டிய கூடங்களில் மட்டும். அவற்றுக்கு ‘ஷொட்ஸ்டூவ’ என்று பெயர். சமையல், சாப்பாடு, கூட்டம், சிறுவர்களுக்குப் பாடம் எல்லாம் அங்கே. அந்தக் கூடங்கள் இன்றும் அருங்காட்சியகமாக இருக்கின்றன. கை விறைக்க பிரிக்கன் சந்துகளில் நடந்துவிட்டு அந்தக் கூடத்துக்குள் நுழையுங்கள், மகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஏறத்தாழ அவளைவிட நாலைந்து வயதே பெரியவர்களான பையன்கள் கடல் கடந்து வந்து இப்படி இருந்தார்கள் என்பது அவள் மனதில் தங்கும்.

அங்கேயே பக்கத்தில் பிரிக்கன் அருங்காட்சியகம். 1955-இல் இந்த வரிசையின் ஒரு பகுதி எரிந்தபோது அடியில் தோண்டினார்கள், இடைக்கால ஊர் வெளியே வந்தது. ரூனிக் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து செதுக்கிய மரக்குச்சிகளும் எலும்புகளுமாக அறுநூறுக்கு மேல் கிடைத்தன. அரசர் கல்வெட்டு மாதிரியானவை இல்லை, அன்றாடச் சீட்டுகள்: சரக்குக்குப் பெயர்ச்சீட்டு, கடன் கணக்கு, காதல் வரி. ஒன்றில் ஒரு பெண் தன் ஆளுக்கு ‘வீட்டுக்கு வா’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். சாதாரண மனிதர்கள் எழுதப் படிக்கத் தெரிந்து, கையில் கிடைத்த குச்சியில் கீறி அனுப்பிக்கொண்டார்கள் என்பதே அதுவரை இருந்த எண்ணத்தை மாற்றியது. ஒரு மழைநாள் பிற்பகல் முழுக்க அங்கே போய்விடும். உட்கார இடமும் உண்டு.

குழந்தைக்கு நூர்ட்நெஸ் முனையில் உள்ள மீன்காட்சியகமும், ஃப்ளோரிடா நிறுத்தத்துக்குப் பக்கத்தில் உள்ள வில்வீட்டே அறிவியல் மையமும் மழைநாளுக்கு ஏற்றவை. அம்மாவுக்குப் படங்கள் பிடிக்குமென்றால் ஊர் நடுக் குளத்தின் ஓரம் கூடே என்ற கலைக்கூடங்கள் வரிசையாக இருக்கின்றன, நோர்வே ஓவியர் எட்வர்ட் மூங்கின் ஓவியத் தொகுப்பு அங்கே நன்றாக உள்ளது. எல்லாம் மூடிக் கிடக்குமா என்றால், இல்லை, இது ஊர்க்காரர்கள் வாழும் நகரம். ஆனால் குளிர்காலத்தில் அருங்காட்சியகங்கள் நேரத்தைக் குறைக்கும், பல திங்கட்கிழமை மூடும். ஞாயிறு பெரிய மளிகைக்கடைகள் திறக்காது, சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளி மீன்சந்தை கோடைக்கானது, அதைத் தேடி ஏமாற வேண்டாம். பக்கத்திலேயே உள்ளரங்க மீன்கூடம் ஆண்டு முழுக்க உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வடக்கிலிருந்து முட்டையிட வரும் ‘ஸ்க்ரை’ கொட் மீனின் பருவம், வெள்ளையாக, இறுக்கமாக, இனிப்பாக இருக்கும். வெண்ணிறமான மீன் சூப்பையும், இலவங்கப்பட்டை தூவிச் சுருட்டிய ‘ஷில்லிங்ஸ்பொல்ல’ என்ற உள்ளூர் பன்னையும் விட்டுவிடாதீர்கள். உணவக விலை லண்டன்காரருக்கே கூடுதலாகத் தெரியும், சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்தால் செலவு பாதியாகும். 1980களிலிருந்தே ஈழத்தமிழ்க் குடும்பங்கள் இங்கே வாழ்வதால் பருப்பு, அரிசி, மிளகாய்த்தூள் தேடுவது கடினமில்லை. அம்மாவுக்கு நாலாம் நாள் ரசம் வேண்டும் என்றாலும் வைத்துக் கொடுத்துவிடலாம். ரொக்கம் மாற்ற வேண்டாம், அட்டை எங்கும் செல்லும். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்.

ஃபியோர்ட் பார்க்க வேண்டும் என்றால், நீண்ட தூரம் பஸ் மாறிப் போகும் ஒரு நாள் சுற்றுலாவை அம்மாவுக்காகத் தவிர்க்கச் சொல்வேன். ஊர்த் துறைமுகத்திலிருந்தே கிளம்பி ஒஸ்டர்ஃபியோர்ட் வழியாக மூஸ்ட்ராவ்மன் இடுக்கு வரை போய்த் திரும்பும் படகு மூன்றரை மணி நேரம் போல எடுக்கும், குளிர்காலத்திலும் ஓடுகிறது. உள்ளே சூடாக உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்க்கலாம். மழைநாளில்கூட மோசமில்லை, பாறைச் சுவர்களில் நூற்றுக்கணக்கான நீரிழைகள் வழிந்துகொண்டிருக்கும். கடுங்காற்று எச்சரிக்கை இருந்தால் மட்டும் தள்ளிப்போடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் எதிரே பாறைமேல் பெரிய ஆரஞ்சு எழுத்துகளில் ‘பேர்கன்?’ என்று கேள்விக்குறியோடு எழுதியிருக்கும், மகள் படம் எடுக்கச் சொல்வாள். அங்கிருந்து லைட் ரயிலில் முக்கால் மணி நேரம், படியில்லாமல் ஏறலாம். ரயிலில் உட்கார்ந்ததும் யீர் செயலியைத் திறந்து மறுநாள் காற்றின் திசையைப் பாருங்கள். கிழக்கு என்றால் இரவே வொஸ் டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். தென்மேற்கு என்றால் காலையில் நன்றாகத் தூங்கிவிட்டு, பத்து மணிக்கு மேல் பிரிக்கனுக்கு நடங்கள்.